தேய்மானம், தூக்கம், ஒரு செம்பனை மரம்

ஜூலை 8, செவ்வாய்

இன்று கணக்கியல் வகுப்பில் தேய்மானம் ஆரம்பித்தேன், அதாவது ஒரு சொத்தின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது. பாடப்புத்தகத்தில் உதாரணம் ஏதோ ஒரு தொழிற்சாலை இயந்திரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது வீட்டில் யாரோ ஒருவர் தோட்டத்தில் வேலை பார்த்திருப்பார், அதனால் இயந்திரத்தை விட்டுவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தை எடுத்துக்கொண்டேன். சும்மா கதைக்காக இல்லை. சர்வதேசக் கணக்கியல் தரத்தில் 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, காய்க்கும் மரமும் இயந்திரம் மாதிரி பல ஆண்டு உழைக்கும் ஒரு நிலைச்சொத்து, ஆண்டுதோறும் தேய்மானம் போட வேண்டும். மரத்தில் இருக்கும் குலைக்குத் தனிக் கணக்கு.

"ஒரு மரத்துக்கு எத்தனை வருசம் போடலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் பொறுக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தாலே பதில் நீளமாக வருகிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் 1970-களிலேயே வகுப்பறைகளை ஆராய்ந்து எழுதினார். அந்த 3 விநாடி எவ்வளவு நீளம் என்பது பலகை முன்னால் நிற்கிறவருக்குத்தான் தெரியும்! முன்வரிசைப் பையன் வாயெடுத்தான், பொறு என்று கை காட்டினேன். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இருபத்தஞ்சு வருசம் டீச்சர். அதுக்கு மேல மரம் ரொம்ப ஒசந்துரும், அப்பாவுக்கு அரிவாக் கம்பு எட்டாது. காயும் கொறைஞ்சிரும். சாய்ச்சிட்டுப் புதுசா நடுவாங்க."

பயனுள்ள ஆயுள் என்ற பாடத்தை அந்தப் பெண்ணே நடத்தி முடித்துவிட்டாள். இந்தப் பருவத்தில் அவள் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

எட்டு மணி வகுப்பில் தினமும் தூங்குகிற பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலையாம், ஏழு மணிக்கு முடித்துவிட்டு முகம் கழுவி அப்படியே மோட்டாரில் வந்துவிடுகிறான். வராமல் வீட்டில் படுத்துத் தூங்கலாம், ஆனாலும் வருகிறான். அடுத்த வாரச் சோதனையை மதியக் குழுவோடு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியர் அறையில், "ரொம்ப இடம் கொடுத்தா தலைமேல ஏறிடுவாங்க" என்றார் ஒருவர். நான் மாற்றியது நேரத்தை, கேள்வியை இல்லை. பாவம் பார்த்துத் தாளை லேசாக்கினால் நாளைக்கு எந்த முதலாளி அவனிடம் கணக்கை நம்பிக் கொடுப்பார்? பரிவு என்றதும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பது என்றுதான் நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

இன்று பங்கு மூலதனம், பங்குதாரர்கள் பங்கு வாங்கிப் போடும் முதல். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கியவர். அதிலிருந்து தொடங்கினேன். தாத்தா பேரில் பங்கு இருக்கிறதா என்று வீட்டில் கேட்டு வருவதாக மூன்று பேர் சொன்னார்கள். பாடம் பாதிதான் முடிந்தது, போகட்டும்.

ஜூலை 21, திங்கள்

சோதனைத் தாள்களைக் கொடுத்தேன். இரவு வேலைப் பையன் சுமாராகத்தான் எழுதியிருக்கிறான், மரத்தோடு சேர்த்து நிலத்துக்கும் தேய்மானம் போட்டிருக்கிறான். அடிக்காமல் ஓரத்தில் "நிலத்துக்குமா?" என்று மட்டும் எழுதியிருந்தேன். வகுப்பு முடிந்ததும் தாளோடு வந்து நின்றான்.

"மண்ணும் தேயுதே டீச்சர். உரம் போடலன்னா காய்க்குமா?"

மதிப்பெண் கொடுக்கவில்லை, கணக்கியல்படி நிலத்துக்கு ஆயுள் முடிவதில்லை, அதனால் அது தப்பு. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. உரச் செலவைப் பதிவேட்டில் எங்கே எழுதுவாய் என்று திருப்பிக் கேட்டேன், யோசித்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன் என்றான். அன்றைய வகுப்பை அவனை வைத்துத்தான் தொடங்கப் போகிறேன்.