நல்லா தெரியுற கண்ணை எதுக்கு மூடுறோம்

"ஏம்மா, நல்லா தெரியுற கண்ணைப் போய் மூடுறியே, கோளாறு அந்தக் கண்ணுலயா இருக்கு?" முதல் வாரம் முழுக்க அத்தை இதையேதான் கேட்டாங்க. நானும் "டாக்டர் சொல்லிட்டாங்க அத்தை"ன்னு ஒரே பதிலைச் சொல்லிட்டு இருந்தேன், ஏன்னா எனக்கே வேற பதில் தெரியாது.

மகளுக்கு 5 வயசு, இங்க சிங்கப்பூர்ல கே2, அதாவது பாலர் பள்ளி ரெண்டாம் வருஷம் படிக்கிறா. பாலர் பள்ளியில கண் டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சுது, வலது கண்ணு நல்லா இருக்கு, இடது கண்ணுல 450 டிகிரி, அதாவது பிளஸ் 4.5 பவர், தூரப்பார்வை. சரி கண்ணாடி போட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சேன், ஆனா கண்ணாடி போட்டும் இடது கண்ணால சார்ட்டுல மேல இருக்குற பெரிய எழுத்தைத் தாண்டி அவளால வர முடியல. டாக்டர் சோம்பேறிக் கண்ணுன்னாங்க, தினம் 2 மணி நேரம் வலது கண்ணுல பேட்ச் ஒட்டுங்க, பிரச்சினை கண்ணுல இல்ல, கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற இணைப்புலன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு அன்னையிலேர்ந்து படிக்க ஆரம்பிச்சேன், ஒரு நாள் செங்காங்ல ரயில் ஏறி ஃபோன்ல படிச்சிட்டே வந்து, தோபி காட்ல இறங்க மறந்து கிளார்க் கீ வரைக்கும் போயிட்டேன்.

நரம்பு எப்படி இணைப்பு பிடிக்குதுன்னு தேடுனப்ப நான் முதல்ல போய் நின்ன இடம் கண்ணே இல்ல, கோழி முட்டை. ரீட்டா லெவி-மொண்டால்சினின்னு இத்தாலியில ஒரு அம்மா, 1909ல பிறந்தவங்க, டாக்டருக்குப் படிச்சவங்க. 1938ல முசோலினி அரசாங்கம் யூதர்களுக்கு எதிரா சட்டம் போட்டதும் பல்கலைக்கழகத்துல வேலை பார்க்க முடியாமப் போச்சு. அவங்க வீட்டு பெட்ரூமையே ஆய்வுக்கூடமா மாத்துனாங்க, தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, முட்டைக்குள்ள இருக்குற கோழிக் கருவுல வளர ஆரம்பிச்ச காலை வெட்டி எடுத்துப் பார்த்தாங்க. ஊர் மேல குண்டு விழ ஆரம்பிச்சதும் கிராமத்துக்குப் போயி அங்கயும் அதையே செஞ்சிருக்காங்க.

கால் இல்லாத கருவுல அந்தக் காலுக்குப் போக வேண்டிய நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், ரொம்பக் குறைஞ்சு போகும்னு அவங்களுக்கு முன்னாடியே விக்டர் ஹாம்பர்கர்னு ஒரு விஞ்ஞானி 1934ல காட்டியிருந்தார். கால் இல்லாததால நியூரான் உருவாகவே இல்லன்னு அவர் நினைச்சார். இந்த அம்மா பார்த்தது வேற. நியூரான் உருவாகுது, வளருது, காலைத் தேடிக் கிளம்பியும் போகுது, போன இடத்துல ஒண்ணும் இல்லாததால அப்புறம்தான் சாகுது. இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

போர் முடிஞ்சதும் ஹாம்பர்கரே அவங்களை அமெரிக்காவுக்கு, செயின்ட் லூயிஸுக்கு அழைச்சார். அங்க ஸ்டான்லி கோஹனும் சேர்ந்து நியூரானைச் சாகாம வச்சிருக்குற ஒரு பொருளை 1950கள்ல பிரிச்சு எடுத்தாங்க, பேரு நரம்பு வளர்ச்சிக் காரணி. வந்து சேர்ற நியூரானுக்குத் தோல் மாதிரி இடங்கள் குடுக்குற சாப்பாடு மாதிரி ஒரு புரதம்னு வச்சுக்கலாம். கொஞ்சம்தான் சுரக்கும், வர்றவங்க எல்லாருக்கும் பத்தாது, கிடைக்காத நியூரான் தன்னைத்தானே அழிச்சுக்கும். தசைக்குப் போற நியூரான்களுக்கு வேற புரதம், ஆனா கோழிக் கருவுல அதுலயும் பாதிக்குப் பாதி இப்படித்தான் போகுது, அதுவும் ஆரோக்கியமான கருவுல! இதுக்காக 1986ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. அந்த அம்மா 103 வயசு வரைக்கும் இருந்தாங்க.

உயிர் பிழைச்சா மட்டும் போதாது, சரியான இடத்துலயும் போய்ச் சேரணும்ல. ரோஜர் ஸ்பெரி 1940கள்ல தவளையோட கண் நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாத் திருப்பி வச்சார். நரம்பு திரும்ப வளர்ந்து மூளையில பழைய இடத்துக்கே போய் ஒட்டிக்கிச்சு, அதனால ஈ மேல பறந்தா தவளை கீழ பாய்ஞ்சுது, கடைசி வரைக்கும் அது மாறவே இல்ல. அப்ப ஒவ்வொரு நரம்புக்கும் ரசாயன முகவரி இருக்கணும்னார். அந்த ரசாயனங்கள் 1990கள்ல வரிசையாக் கிடைச்சுது, அதுல ஒண்ணு பேரு நெட்ரின், வழிகாட்டுறவர்னு அர்த்தம் வர்ற சமஸ்கிருதச் சொல்லுலேர்ந்து வச்சது. கண்ணை நேத்திரம்னு சொல்றோமே, அதுவும் அதே வேர்தான். இதை அத்தைகிட்ட சொன்னப்ப அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஆனா முகவரி தோராயமாத்தான் கொண்டு போய் விடும், கடைசித் திருத்தம் எல்லாம் பயன்பாட்டுலதான் நடக்குது. அத்தை கேள்விக்குப் பதில் இங்கதான் இருந்துச்சு. டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் ரெண்டு பேரும் 1960கள்ல பூனைக்குட்டியோட ஒரு கண்ணை மட்டும் சில வாரம் தைச்சு மூடி வச்சாங்க, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. திறந்து பார்த்தா கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா மூளையில பார்வைக்கான பகுதி அந்தக் கண்ணைக் கண்டுக்கவே இல்ல, திறந்திருந்த கண்ணோட நரம்புகள் அந்த இடத்தையும் எடுத்துக்கிச்சு. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடுனா ஒண்ணும் ஆகல. பிறவியிலேயே கண்புரை இருக்குற குழந்தைங்களுக்கு இப்ப சீக்கிரமே ஆபரேஷன் பண்றாங்கன்னா அதுக்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். 1981 நோபல் பரிசை இவங்க ரெண்டு பேரும் ஸ்பெரியும்தான் பகிர்ந்துக்கிட்டாங்க, ஆனா ஸ்பெரிக்குக் குடுத்தது வேற வேலைக்கு.

என் மக இடது கண்ணு நரம்பு ஒண்ணும் செத்துப் போகல, மங்கலான படத்தையே அனுப்பிட்டு இருந்ததால மூளையில அதுக்குப் பிடிப்பு குறைஞ்சு போச்சு, அவ்ளோதான். அதனாலதான் அதைச் சோம்பேறின்னு சொல்றது எனக்குப் பிடிக்கவே இல்ல. வலது கண்ணைக் கொஞ்ச நேரம் மூடுனா இடது கண்ணு அனுப்புறதை மூளை கவனிச்சுத்தான் ஆகணும். 7 வயசுக்குள்ள செஞ்சா பலன் அதிகம், அப்புறமும் ஓரளவு கிடைக்கும்னாங்க.

இதெல்லாம் ஒரு ராத்திரி அத்தைகிட்ட சொன்னேன், முட்டைக் கதையிலேர்ந்து. அத்தை பேசாம கேட்டுட்டு, "அப்ப சாயங்காலம் பேட்ச் நான் ஒட்டி விடுறேன்"னாங்க. கிட்ட வச்சுப் பார்க்குற வேலை குடுங்கன்னு டாக்டர் சொல்லியிருந்ததால இப்ப தேக்காவுல உதிரி மல்லி வாங்கிட்டு வந்து ரெண்டு பேரும் உட்கார்ந்து தொடுக்குறாங்க. போன செக்கப்புல சார்ட்டுல ரெண்டு வரி கீழ இறங்கிப் படிச்சா. நேத்து அவ தொடுத்த சரம் ஒரு முழம் வந்துச்சு, நடுவுல ரெண்டு பூ தலைகீழா இருக்கு, அத்தை அதைப் பிரிக்காம அப்படியே சாமிக்குப் போட்டுட்டாங்க.