எழுத்துப் பலகை காட்டாத விழித்திரைப் பாதிப்பு

முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் மருத்துவர்கள் பரவலாக எழுதித் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நானும் பல ஆண்டுகளாக உட்கொண்டு வருகிறேன். என் மூட்டுகளுக்கு அது செய்திருக்கும் நன்மை பெரியது. ஆகவே அந்த மருந்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீண்ட காலம் உட்கொள்பவர்களில் சிலருக்கு அது விழித்திரையைப் பாதிக்கக்கூடும். அந்தப் பாதிப்பு மீளாதது. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது தொடர்ந்து வளரக்கூடும். இவ்வளவு இருந்தும், "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது" என்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

பார்வை நன்றாக இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல். பாதிப்பு பெரும்பாலும் விழித்திரையின் நடுப்புள்ளியை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வளையத்தில் தொடங்குவதால், எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடையின்றிப் படிப்பவருக்கும் சேதம் தொடங்கியிருக்கலாம்.

அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒருமுறையும், 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்க வேண்டும். நாளொன்றுக்கான அளவு, உண்மையான உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 225 மில்லிகிராம்தான்; தினமும் 200 மில்லிகிராம் மாத்திரை இரண்டு என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆகிவிடும். உரிய அளவில் உட்கொண்டால் முதல் 10 ஆண்டுகளில் ஆபத்து 2 சதவீதத்துக்கும் குறைவு. 20 ஆண்டுகளுக்குப் பிறகோ அது 20 சதவீதத்தை நெருங்குகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மருந்தை உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

வழக்கமான சோதனைகள் இரண்டு: விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும், வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பார்வைப் புலச் சோதனையும். பின்னது நம் கவனத்தை நம்பியிருக்கிறது. களைத்திருக்கும் நாளில் முடிவு தடுமாறும். அந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் விழித்திரை எழுப்பும் மின்னலைகளைப் பகுதி பகுதியாக அளக்கும் மல்டிஃபோகல் ஈஆர்ஜி என்னும் மின் சோதனை உதவுகிறது.

இந்தச் சோதனையில் சொட்டு மருந்தால் கண்ணின் பாவையை விரித்து, மெல்லிய நூல் போன்ற மின்முனையையோ லென்ஸ் வடிவிலானதையோ கண்ணில் பொருத்துவார்கள். எதிரே உள்ள திரையில் 61 அல்லது 103 அறுகோணங்கள், ஒவ்வொன்றும் தனக்கே உரிய வரிசையில், கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி மின்னும். நாம் நடுக்குறியைப் பார்த்தபடி இருந்தால் போதும். இடையிடையே நிறுத்திப் பதிவு செய்வதால் கண்ணைச் சிமிட்டிக்கொள்ளலாம். விழித்திரை எழுப்பும் மின்னலைகள் நானோவோல்ட் அளவில்தான் இருக்கும் என்றாலும், அவற்றிலிருந்து ஒவ்வோர் அறுகோணத்துக்கும் உரிய பதிலைக் கணினி பிரித்தெடுத்து, எந்த வளையத்தில் அலை தாழ்ந்திருக்கிறது என்று காட்டிவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் எரிக் சட்டர் உருவாக்கிய இந்த முறை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பழைய முழுப்புல ஈஆர்ஜி விழித்திரை முழுவதன் கூட்டுப் பதிலையே அளப்பதால், நடுப்பகுதியின் சிறு சேதம் அதில் மறைந்துபோகும். ஆனால் விழித்திரையைப் பாதிக்கக்கூடிய இன்னொரு மருந்தான விகாபாட்ரினை வலிப்புக்காகப் பெறும் கைக்குழந்தைகளுக்கு அந்த முழுப்புலச் சோதனைதான் கைகொடுக்கிறது. பொத்தானை அழுத்த அவர்களால் இயலாதே.

ஆசிய வம்சாவளியினருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பாதிப்பு நடுப்பகுதியிலிருந்து சற்றுத் தள்ளியே தொடங்குவது உண்டு. ஆகவே நடுப் 10 பாகையை மட்டும் பார்க்கும் புலச் சோதனை நமக்குப் போதாது. 24 அல்லது 30 பாகை வரை பார்க்கும்படி கேட்க வேண்டும்.

மின் சோதனை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. மற்ற இரண்டும் ஒத்துப்போகாதபோது அது பெரிதும் பயன்படும். ஒரே ஒரு முடிவைக் கண்டு அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். கண் மருத்துவரும் வாத நோய் மருத்துவரும் கலந்து முடிவெடுக்கட்டும். சோதனைக்குச் செல்லும்போது மருந்து தொடங்கிய ஆண்டு, தினசரி அளவு, இப்போதைய எடை ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டு அறிக்கையும் உடன் இருக்கட்டும்.