பத்தில் இறங்க வேண்டும்: ஃபிளமெங்கோவும் நம் கோர்வையும்

ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசையின் கிட்டாரோடு கர்நாடக சங்கீதத்தைச் சேர்க்கும் முயற்சிகள் பெரும்பாலும் ராகத்தில் கெடுவதில்லை, முடிப்பில்தான் கெடுகின்றன. மிருதங்கக்காரர் அருமையாக ஒரு கோர்வை, அதாவது கணக்கான முடிப்பு, வைத்துத் தாளச் சுற்றின் முதல் தட்டான சமத்தில் வந்து இறங்குவார். கிட்டார்க்காரரோ அதற்கு இரண்டு எண்ணிக்கை முன்பே முடித்துவிட்டு நிற்பார். கேட்பவர்களுக்கு யாரோ தாளம் தப்பிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இருவரும் அவரவர் இலக்கணப்படி சரியாகத்தான் வாசித்திருப்பார்கள்.

ஃபிளமெங்கோவில் தாளச் சுழற்சியைக் கம்பாஸ் என்பார்கள். சொலேயா, புலேரியா என்ற இரு வகைகளுக்குமே 12 எண்ணிக்கை; முன்னது நிதானம், பின்னது வேகம். அழுத்தம் விழும் இடங்கள் 12, 3, 6, 8, 10. புலேரியாவைப் பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது வழக்கம். அப்படி எண்ணினால் தாளத்தை வாயால் சொல்லும் நம் சொற்கட்டில் அது ‘தகிட தகிட தக தக தக’. திருவையாற்றிலோ கும்பகோணத்திலோ மிருதங்கம் கற்கும் எந்தப் பிள்ளைக்கும் இது புதிதல்ல.

புதிது எதுவென்றால், புலேரியாவின் முத்தாய்ப்பு பத்தில் விழும். 11 வெறுமனே போகும், 12-ல் அடுத்த சுற்று பிறந்துவிடும். ஆடுபவரின் காலும் கிட்டாரின் வெட்டும் பத்தில் ஒன்றாக நிற்கும். 12-ஐ நாம் சமமாக வைத்துக்கொண்டால், பத்து என்பது 11-வது மாத்திரை (எண்ணிக்கை அலகு). ஆகவே கோர்வைக்கு ஒரு சுற்றில் கிடைப்பது 10 மாத்திரை, இரண்டு சுற்றில் 22, மூன்றில் 34. இடம் தள்ளி எடுத்த பல்லவிக்கு முத்தாய்ப்பு வைக்கும் அதே கணக்குதான்.

22-க்கு மிக எளிய மோரா, அதாவது மும்முறை முடிப்பு: ‘தகதிகிணதொம்’ மூன்று முறை, நடுவில் இரண்டு இரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி). 6+2+6+2+6. சமத்தில் எடுத்தால் அடுத்த தட்டு துல்லியமாகப் பத்தில் விழும். ஐந்து மாத்திரை ‘ததிங்கிணதொம்’ வைத்தால் 15 போக 7 மிஞ்சும், அதை இரண்டு கார்வையாகச் சமமாகப் பிரிக்க முடியாது. பழக்கத்தில் கை ததிங்கிணதொம்முக்கே ஓடும் என்பதால் இந்த இடத்தில் கவனம் வேண்டும்.

எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் திஸ்ர நடையில், அதாவது எண்ணிக்கைக்கு மூன்று மாத்திரையாக, ஓர் ஆவர்த்தனம் (ஒரு சுற்று) 24 மாத்திரை, இரண்டு கம்பாஸ் அடங்கிவிடும். கணக்கு சரி, கை மட்டும் ஏமாற்றும். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல் வரை அழுத்தங்கள் பொருந்தும். நடுவிரல் விழும் இடம் 9. ஃபிளமெங்கோவின் அழுத்தமோ 8-லும் 10-லும். அங்கே மனம் தாளத்தின் பக்கம் சாய்ந்தால் ‘தக தக தக’ மெல்ல ‘தகிட தகிட’ ஆகிவிடும், புலேரியா செத்துப்போகும். எனவே முதலில் ஆதி போடாமல், சொற்கட்டின் ஐந்து தலைகளுக்கு மட்டும் கைதட்டிப் பழகுங்கள். ஃபிளமெங்கோவில் கைதட்டல், அதாவது பால்மாஸ், தனி வாத்தியம். பாடும்போது உள்ளங்கைகளைக் குழித்து மந்தமாகத் தட்டுவார்கள். வேகம் ஏறும்போது வலது விரல்களை இடது உள்ளங்கையில் அடித்து வெடிப்பாக எழுப்புவார்கள்.

ஃபிளமெங்கோவின் மற்ற வகைகளான டாங்கோஸும் ரும்பாவும் நாலு எண்ணிக்கை, ஆதியில் நேராக உட்காரும். தொடங்க வசதிதான். ஆனால் ருசி பன்னிரண்டில் இருக்கிறது.

ராகத்துக்கு வகுளாபரணம் பொருத்தமான வாசல். நம் ஊரில் எல்லோரும் சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையில் காகலி நிஷாதத்தைக் கைசிகியாக மாற்றினால் வகுளாபரணம். ஆனால் கிட்டாரின் அடிப்படை இறக்கத்தில் நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) உண்டு. ‘மி’யை, அதாவது ஈ ஸ்வரத்தை, ஷட்ஜமாக வைத்தால் ஏ மைனர், ஜி, எஃப், ஈ. நம் ஸ்வரத்தில் முதலாவது ம-த-ஸ, அடுத்தது க-ப-நி, மூன்றாவது ரி-ம-த, கடைசி ஸ-க-ப. சிக்கல் இரண்டாவது கார்டில்: அங்கே வரும் காந்தாரம் சாதாரணம், கடைசியில் வருவது அதைவிட அரை ஸ்வரம் உயர்ந்த அந்தரம். ஜி கார்டு ஒலிக்கும்போது பாடகர் அந்தர காந்தாரத்தில் நின்றால் அரை ஸ்வர உரசல் காதைக் கிழிக்கும். அந்த இடத்தில் பஞ்சமத்திலோ நிஷாதத்திலோ நிற்க வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரக் கம்பிதத்தை (அசைவை) கார்டின் மேல் வைப்பதும் வேண்டாம். கிட்டார் ஓயும் இடத்தில் அதைத் தனியாகப் பாடினால் அதன் அழகே வேறு.

சுருதி சேர்க்க, கிட்டார்க் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போ போதும். ஈ நிலையில் வெறும் கம்பி 3 கட்டை. மூன்றாம் பிரெட்டில் மாட்டினால் 5 கட்டை, பெண் குரலுக்கு ஒத்துவரும். ஏ நிலையில் மூன்றாம் பிரெட் 1 கட்டை, ஆண் குரலுக்கு. தம்பூராவை நிறுத்த வேண்டியதில்லை; எஃப் கார்டு வாசிக்கும்போதும் மேல் ‘மி’ கம்பியைத் திறந்தே விடுவது இந்தக் கிட்டாரின் சுபாவம்.

தஞ்சை மண்ணில் தவில் சேர்க்க ஆசை வராமல் இருக்காது. நைலான் கம்பிக் கிட்டார் அதன் முன் நிற்காது. கிட்டாரை நிறுத்திவிட்டு, வெடிப்பான கைதட்டலை மட்டும் துணை வைத்துத் தவிலை வாசிக்க விடுவது நல்ல வழி. மற்ற நேரங்களில் கஞ்சிரா, கடம், மிருதங்கம். இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கத் தேவையில்லை: இன்று பெரும்பாலான ஃபிளமெங்கோ மேடைகளில் இருக்கும், கையால் தட்டி வாசிக்கும் காஹோன் பெட்டியே, கிட்டார் மேதை பாகோ தே லூசியா 1970-களின் பிற்பகுதியில் பெருவில் கண்டு கொண்டுவந்ததுதான். கம்பாஸுக்குள் உட்கார்ந்ததால் அது நிலைத்தது.

ஸ்பெயினின் ரோமா மக்களுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு மொழிச் சான்று உறுதியாக உள்ளது. அதை வைத்து ஃபிளமெங்கோ நம் ராகத்தின் பேரப்பிள்ளை என்று மேடையில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் உருவான இசை.

ஐப்பசி, கார்த்திகையில் ஒத்திகை வைப்பவர்களுக்கு ஒன்று. மெல்லிய சைப்ரஸ், ஸ்ப்ரூஸ் பலகையில் செய்த கிட்டாருக்கு 45–55 விழுக்காடு ஈரப்பதம்தான் ஒத்துக்கொள்ளும். டெல்டா மழைக்காலத்தில் மேற்பலகை உப்பி, கம்பி எழும்பி, இடது கை வலிக்கத் தொடங்கும். பெட்டிக்குள் நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சிறிய ஈரப்பதமானியும் வையுங்கள். ஜெல்லை வாரம் ஒருமுறையாவது பார்த்து, நிறம் மாறியிருந்தால் காயவைத்துப் போடுங்கள்.