சுணைக்கு ஞாபகசக்தியா?

பெப்ரவரி 5
காலபோக அறுவடை. பரந்தன் பக்கம் இப்போது வெட்டு மெசின்தான், ஆனாலும் சாக்குக் கட்டுகிறவனுக்குச் சுணை தப்பாது. நேற்று இரவு கவட்டுப் பக்கம் ஊசி குத்துகிற மாதிரி ஒரு எரிச்சல். காலையில் பார்த்தால் உறுப்பின் அடியில் நாலைந்து சின்ன நீர்க் கொப்புளம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. போன வைகாசியிலும் இதே இடம், ஐப்பசியிலும் இதே இடம். சுணைக்கு இவ்வளவு ஞாபகசக்தியா?

பெப்ரவரி 6
பாமசியில் படர்தாமரை என்று சொல்லிக் கிறீம் வாங்கினேன். காட்டு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. போன முறை இந்தக் கிறீமில்தான் மாறியது. அல்லது தானாகவே மாறியதோ?

பெப்ரவரி 9
கொப்புளம் உடைந்து புண். சிறுநீர் பட்டால் உயிர் போகிறது. சொறி என்றால் எனக்குத் தெரியும்: 2009 இல் செட்டிகுளம் முகாமில் எங்கள் கூடாரத்தில் ஒருவர் மிச்சமில்லை. இரவில்தான் கடிக்கும், விரல் இடுக்கு, மணிக்கட்டு என்று தொடங்கி வீடு முழுக்கப் பரவும். இது கடிக்கவில்லை, நோகிறது. படர்தாமரையும் இல்லை. அது ஓரம் தடித்து, செதில் விட்டு, நடுவில் தெளிந்துகொண்டு வட்டமாகப் பெருக்கும்.

பெப்ரவரி 11
பாலியல் நோய்க் கிளினிக். வாசலில் தெரிந்த முகம் ஏதும் வந்துவிடுமோ என்று தொப்பியைக் கழற்றவே இல்லை. டொக்டர் ஒரு பெண்பிள்ளை, என் மகள் வயதிருக்கும். முதலில் கொப்புளமா, எடுத்த எடுப்பிலேயே புண்ணா என்று கேட்டார். சிபிலிஸ் புண் பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக, அடி கெட்டியாக, நோகாமல் இருக்குமாம். அப்புறம் என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்றார். சில நோக் குளிசைக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் பொங்குமாம், ஆனால் ஆறியபின் கறுப்புத் தழும்பு நிற்கும். எனக்கு அப்படி இல்லை.

ஹெர்பிஸ் மாதிரித்தான் இருக்கிறது என்றார். வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருந்து திரும்பத் திரும்ப வெளியே வரும், முற்றாக அழிக்க மருந்தில்லை. பஞ்சுக் குச்சியால் புண்ணிலிருந்து எடுத்தார்கள். கொப்புளம் உடையமுதல் வந்திருந்தால் வைரஸ் சுலபமாக அகப்பட்டிருக்குமாம். சிபிலிஸுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம். அசைக்ளோவிர் தந்தார்கள்: அடுத்த முறை குத்தல் தொடங்கிய அன்றே குடிக்க வேண்டும்.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். அதைச் சொல்ல ஏலாது, அறிகுறி ஒன்றுமில்லாமல் வருடக்கணக்கில் இருந்திருக்கலாம் என்றார். மனைவியையும் கூட்டி வரச் சொன்னார்.

பெப்ரவரி 13
இரண்டு நாள் கடத்தி, இன்றிரவுதான் வீட்டில் சொன்னேன். ரசத்துக்கு மிளகு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நிற்கவில்லை.

"அப்ப சின்னவன் வயித்தில இருக்கேக்க எனக்கு வந்தது என்னவாம்?"

அன்றைக்கு அது சுணை என்று சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தது நான்தான்.

பெப்ரவரி 18
இருவருமாகப் போனோம். எனக்குச் சிபிலிஸும் இல்லை, எச்.ஐ.வியும் இல்லை. பஞ்சில் எடுத்ததன் முடிவு இன்னும் வரவில்லை. அவள் டொக்டரோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றாள். நான் வெளியே வாங்கில் இருந்தேன். தொப்பியை இன்றைக்குக் கழற்றிவிட்டேன், வெக்கை.