மாஸ்டர் கட்டித்தந்த தங்கூசித் தந்தி

ஒன்றுகூடல்களில் என்னைக் காணும் கல்லூரி நண்பர்கள் அநேகமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "கிற்றார் படிப்பிச்சே சீவியம் போகுதோ?" போகிறது. எப்படிப் போகிறது என்று எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு கேட்டது. எழுத இருந்தால், பந்திக்குப் பந்தி எங்கள் சங்கீத மாஸ்டர் வந்து நிற்கிறார். அவரை விட்டுவிட்டு என் தொழிலைப் பற்றி எழுத என்னால் முடியாது.

விடிந்ததும் முதல் வேலை நகம். வலது கையில் சின்னவிரல் தவிர்ந்த நான்கு விரல்களின் நகங்களையும் அராவி, மிக நுண்ணிய மண்கடதாசியால் மெருகேற்ற வேண்டும். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தாலும் நைலோன் தந்தியில் அது கரகரக்கும். பேணி திறப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் எனக்கு இடது கைதான். நகம் உடைந்தால் பிங்பொங் பந்தில் ஒரு துண்டு வெட்டி அடியில் ஒட்டிச் சமாளிப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அதன் பிறகு மௌரோ ஜூலியானியின் வலது கைப் பயிற்சிகள். இரண்டே சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி வைத்து 120 பயிற்சிகள் எழுதிவைத்த மனிதர் அவர். இடது கைக்கு அங்கே பெரிய வேலை இல்லாதபடியால் முழுக் கவனமும் வலது கையில் நிற்கும். வீட்டில் மற்றவர்கள் எழும்பும்வரை அதுதான்.

பிறகு பாடசாலைகள். லண்டனில் என்னைப் போன்றவர்கள் ஒரே பாடசாலையில் இருப்பதில்லை. கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று ஓடுவோம். ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம். சில இடங்களில் இருபது நிமிடம்தான். வகுப்பறை என்பது பல வேளைகளில் கதிரை அடுக்கிய களஞ்சிய அறை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அரை அளவுக் கிற்றார், கொஞ்சம் வளர்ந்ததும் முக்கால் அளவு. இடது பாதத்தின் கீழ் சின்ன முக்காலி. அரை மணித்தியாலத்தில் பாதி நேரம் அந்தப் பிள்ளையின் தோளைத் தளர்த்துவதிலேயே போய்விடும்; அதை நான் வீண் என்று நினைப்பதில்லை.

தமிழ்ப் பெற்றோர் கேட்பது தரம் பற்றி. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் எழுதி வளர்ந்த தலைமுறைக்கு இங்குள்ள எட்டுத் தரப் பரீட்சை முறை புதினமில்லை. "அடுத்த வருசம் ஐந்தாம் தரம் எடுக்கலாமோ சேர்?" எடுக்கலாம், பரீட்சை நல்ல படிக்கட்டு. ஆனால் மூன்று உருப்படிகளை மட்டும் வருடம் முழுக்க உருப்போட்டு அடுத்த படிக்குப் போகிற பிள்ளை, பரீட்சை முடிந்ததும் கிற்றாரைக் கட்டிலின் கீழ் தள்ளிவிடுகிறது. இதை நான் பெற்றோரிடம் நேரடியாகவே சொல்கிறேன்.

அண்மையில் ஒரு பையன் பெர்னாண்டோ சோரின் பி மைனர் பயிற்சியை வாசித்துக் காட்டினான். கிற்றார் பழகும் எவரும் ஒருநாள் வந்து சேரும் உருப்படி அது. ஒரு சுரமும் பிழையில்லை. எல்லாச் சுரமும் ஒரே கனம். மேலே மோதிரவிரலில் ஓடும் மெட்டு, நடுவில் நிரப்பும் சுரங்களோடு கலந்து காணாமற்போய்விட்டது. மெட்டை மட்டும் தனியே வாசிக்கச் சொன்னேன். பிறகு பாடச் சொன்னேன். வெட்கப்பட்டுப் பாடினான். பிறகு பாடியபடியே மற்றச் சுரங்களை, இருப்பதும் தெரியாத அளவுக்கு மெதுவாகச் சேர்க்கச் சொன்னேன். நான்காவது வரியில் அவன் முகம் மாறியது. தன் கையிலிருந்து வருவதை அவன் அப்போதுதான் கேட்டான். எனக்கு அந்த வழியைக் காட்டியவர் மாஸ்டர்.

1990இல் மறுபடி போர் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது நம் வயதுக்காரர் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் றேடியோ. கல்லூரிச் சிற்றாலயத்தின் பாடகர் குழுவிடம் ஒரு பழைய நைலோன் தந்திக் கிற்றார் இருந்தது. மெல்லிய தந்திகள் அறுந்தபோது மாற்றுத் தந்தி எங்கும் கிடைக்கவில்லை. மீனவர் ஊரான குருநகரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூல், கொண்டுவந்தான். மாஸ்டர் அதை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, மூன்று தடிப்பில் தெரிந்தெடுத்துக் கட்டினார். புது நைலோன் இழுபடும். முடுக்க முடுக்கச் சுருதி இறங்கும். சில நாள் பொறுத்த பிறகுதான் அது நிலைத்து நின்றது. கம்பி சுற்றிய தடித்த தந்திகளுக்கு மாற்று வழியே இல்லை. அவற்றைக் கழற்றிக் கொதிநீரில் அவித்து, துடைத்துக் காயவைத்துத் திரும்பப் பூட்டுவார். அழுக்குப் போய்ச் சில நாளுக்குச் சத்தம் துலங்கும்.

சுருதிக்குப் பௌதிக ஆய்வுகூடத்து இசைக்கவை. 320 ஹேர்ட்ஸ் கவையை முழங்காலில் தட்டி, கிற்றாரின் உடலில் அதன் அடியை வைத்து முதல் தந்தியைச் சேர்ப்பார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் சுருதிக்கு முதல் தந்தி ஏறத்தாழ 330 இருக்கவேண்டும். நாங்கள் கொஞ்சம் தாழ்ந்த சுருதியிலேயே வாசித்தோம், பாடினோம். குறையாக ஒன்றும் தெரியவில்லை.

குண்டு போடும் பொம்மர் விமானம் வராத மாலைகளில் அவர் மண்டபத்தின் கடைசி வாங்கில் போய் இருப்பார். ஒலிபெருக்கி இல்லை, மின்விசிறி இல்லை. நாங்கள் மேடையில் ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கை உயர்த்துவார். நாங்கள் ஓங்கி அடிப்போம். "பலமா இல்லைத் தம்பி, தெளிவா. முதல்ல உன்ரை காதுக்கு வரட்டும், பிறகு என்ரை காதுக்கு வரும்." அந்த மண்டபத்தின் கடைசி வாங்குவரை ஒரு தங்கூசித் தந்தியின் ஓசை போய்ச் சேர்ந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

இங்கு வந்து முறையாகப் படித்தபோதுதான் தந்தியின் கதை தெரிந்தது. ஸ்பானியக் கிற்றார் மேதை ஆந்த்ரே செகோவியா உட்பட எல்லோரும் முன்பு ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தியில்தான் வாசித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குடல்நூல் காயம் தைக்கப் போய்விட, கிற்றாருக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்ரின் என்ற கருவி செய்பவர் 1940களில் நைலோன் இழையை எடுத்துத் தந்தி ஆக்கினார். செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு ஒகஸ்ரின் கண்ட வழியையே எங்கள் மாஸ்டரும் ஒருவரும் சொல்லித்தராமல் கண்டார். அதை வாசித்த அன்று அவருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். அவர் இப்போது இல்லை.

கச்சேரி வாழ்க்கை சிறியது. மதிய இடைவேளையில் தேவாலயக் கச்சேரி, கோடையில் திருமணங்கள், இடைக்கிடை நண்பர்களோடு இருவர் வாசிப்பு. விக்மோர் மண்டபத்தில் கேட்கப் போகும்போது மாஸ்டரின் கடைசி வாங்கு ஞாபகம் வரும். ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜூலியன் பிரீம் 1951இல் முதன்முதல் வாசித்த மேடை அது, சுமார் 550 பேர் இருக்கலாம், தனிக் கிற்றார் பின்வரிசைவரை கேட்கும். பாடசாலை விடுமுறையில் எனக்குச் சம்பளம் இல்லை. ஆடி, ஆவணியை முன்கூட்டியே சேமித்துத் தாண்டவேண்டும். குளிர்காலத்தில் கவலை வேறு. வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்தும்; ஈரப்பதன் 40 வீதத்துக்குக் கீழே போனால் இரண்டரை மில்லிமீற்றர் தடிப்புள்ள முன்பலகை வெடிக்கக்கூடும். பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைப்பேன். என் கிற்றாரின் முதுகும் பக்கங்களும் தென்னிந்திய ஈட்டி மரம். அதைத் துடைக்கும்போது எனக்குத் தனிச் சந்தோசம்.

கல்லூரியில் இப்போதும் பிள்ளைகள் கிற்றார் பழகுகிறார்கள். சங்கம் புதுக் கருவிகள் வாங்கிக் கொடுக்கும் யோசனை நல்லதுதான், ஆனால் உடனடித் தேவை தந்தி. வரும் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் உடுப்புகளுக்கு இடையே சில செட் வைத்துக்கொண்டு போனால் போதும்; பாரமே இல்லை. வாங்கும்போது நைலோன்தானா என்று பாருங்கள். உலோகத் தந்தியின் இழுவை கிளாசிக்கல் கிற்றாரில் தந்தி பூட்டும் பாலத்தைப் பிடுங்கிவிடும். கம்பி சுற்றிய தடித்த மூன்றும்தான் முதலில் மங்கும், ஆகவே அவற்றை மேலதிகமாக வாங்குங்கள். எதை வாங்குவது என்று சந்தேகமிருந்தால் சங்கச் செயலாளர் மூலம் எனக்குச் சொல்லியனுப்புங்கள், நானே தெரிந்து கட்டித் தருகிறேன்.