வங்கித் தேர்வு ஆங்கிலம்: தெரியாத சொல்லுக்குப் பத்திக்குள்ளேயே விடை தேடிய அனுபவம்

வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்வழி மாணவர்கள் அதிகம் பயப்படுவது கணக்குக்கு அல்ல, ஆங்கிலத்துக்கு. அதிலும் ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டி, 'இதற்கு நெருக்கமான பொருள் எது?' என்று கேட்கும் கேள்வி பலரைக் கவிழ்த்துவிடுகிறது. பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள் நான். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் தேர்வு எழுதும் பிள்ளைகள் இந்தக் கேள்விகளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். கேள்விக்கு 40 வினாடி வருகிறது. பத்தியைப் படிக்கும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதற்கு மருந்தாகக் கையில் கொடுப்பது சொற்பட்டியல். பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலில் போட்டிருக்கும் பொருளிலேயே அந்தச் சொல் பத்தியிலும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரூபாயின் சரிவை அரெஸ்ட் செய்ய ரிசர்வ் வங்கி தன் கையிருப்பிலிருந்து டாலரை விற்றது.' அரெஸ்ட் என்றால் கைது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடுத்திருக்கும் ஐந்து விடைகளில் 'பிடித்து அடைத்தல்' என்ற பொருளில் ஒன்று கட்டாயம் இருக்கும். ஆனால் சரிவைப் பிடித்து அடைக்க முடியுமா? டாலரை விற்றால் சந்தையில் டாலர் வரத்து கூடும், ரூபாய் இறங்குவது நிற்கும். ஆக இங்கே அரெஸ்ட் என்பது 'தடுத்து நிறுத்து'. 'ரூபாய் அப்ரிஷியேட் ஆனதால் இறக்குமதிச் செலவு குறைந்தது' என்று வந்தாலும் அதே கதைதான். அங்கே யாரும் யாரையும் பாராட்டவில்லை, ரூபாயின் மதிப்பு கூடியிருக்கிறது. ரொம்பத் தெரிந்த சொல்லைக் கேட்டிருந்தால் நான் அதிக உஷாராகிவிடுவேன். எல்லோருக்கும் தெரிந்த பொருளையே விடையாக வைப்பதற்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

எனக்கு வழி பிடிபட்டது தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில். எதிரே உட்கார்ந்து படித்த அக்கா ஒருவர் செவிலியர். வெளிநாட்டு வேலைக்காக, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்தத் தேர்வின் வாசிப்புப் பகுதி 60 நிமிடம், 40 கேள்விகள், நீளமான பத்திகள். தெரியாத சொற்கள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நின்றால் முடிக்க முடியாது. ஒரு நாள் என் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்த வார்த்தைய விரலால மூடிக்கோ கண்ணு. மூடிட்டு வாக்கியத்தப் படி. அந்த எடத்துல நீயா இருந்தா என்ன போடுவ?"

"இங்கிலீஷ்ல எதுவும் தோண மாட்டேங்குதுக்கா."

"தமிழ்லயே போடு. யாரு கேக்கப் போறாங்க?"

அதற்கப்புறம் நான் படித்த முறையே மாறிவிட்டது. சொல்லை மூடிவிடுவேன். அந்த வாக்கியத்தோடு அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியம் படிப்பேன். காலி இடத்தில் தமிழில் ஒரு சொல்லைப் போடுவேன். பிறகுதான் விடைகளைப் பார்ப்பேன். இந்த வரிசை முக்கியம். விடைகளை முதலில் பார்த்தால் ஐந்தும் சரி மாதிரியே தெரியும். நம் கையில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், அதோடு ஒத்துப்போவது எது என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. கடைசியில் தேர்ந்தெடுத்த விடையை வாக்கியத்தில் வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அரெஸ்ட் மாதிரியான சொற்கள் அங்கேதான் மாட்டும்.

தக்காளி விலையைப் பற்றிய ஒரு பயிற்சிப் பத்தியில் 'க்ளட்' என்ற சொல் வந்தது. அதற்கு முன் நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அடுத்த வாக்கியத்தில், விவசாயிகள் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டினார்கள் என்று இருந்தது. பாலக்கோடு மண்டிக்குப் பெட்டி பெட்டியாகத் தக்காளி ஏற்றி அனுப்பிய வீட்டில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? வரத்து மிதமிஞ்சிப் போனால்தான் அப்படிக் கொட்டுவார்கள். 'தேவைக்கு மீறிய வரத்து' என்று தமிழில் போட்டேன், விடையும் அதுதான். வங்கித் தேர்வுப் பத்திகளில் பல சமயம் விலை, கடன், மழை, சந்தை என்றுதான் வரும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிய விஷயம். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக அந்த அறிவை மூட்டை கட்டி வைத்துவிடக் கூடாது.

தமிழ்ச் சொல்லும் தோன்றாத இடங்கள் உண்டு. அப்போது அந்தச் சொல் நல்லதைச் சொல்கிறதா, கெட்டதைச் சொல்கிறதா என்று மட்டும் பார்த்து, பக்கத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுவேன். 'முதல் மதிப்பீடு சாங்குவினாக இருந்தது. பருவமழை பொய்த்த பிறகு வந்ததோ நம்பிக்கை தருவதாக இல்லை' என்றால், நடுவில் வாக்கியம் திரும்பியிருக்கிறது. பின்பாதி கழித்தல், அதனால் முன்பாதி கூட்டல். 'நம்பிக்கை மிகுந்த' என்ற விடை அங்கே உட்கார்ந்துவிடும். ஆல்தோ, ஹவெவர், டெஸ்பைட், அன்லைக் எல்லாம் இப்படித் திருப்புகிற சொற்கள். மோர்ஓவர், சிமிலர்லி வந்தால் அதே திசையில் போகிறது என்று அர்த்தம். கோடு, முக்காற்புள்ளி, 'தட் இஸ்' இவற்றுக்குப் பின்னால் பல சமயம் ஆசிரியரே பொருளைச் சொல்லிவிடுவார்.

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அதனால் தெரியாததைத் தொடவே கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டை உறுதியாக அடித்துவிட்டால் கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடும். கூட்டல் கழித்தல் குறி பெரும்பாலும் இரண்டையாவது அடித்துக் கொடுக்கும். இரண்டு அடிபட்டால் தொடுவேன், இல்லையென்றால் நகர்ந்துவிடுவேன்.

சேலத்தில் தேர்வு எழுதினேன். கணினித் திரையில் விரலை வைத்து மூடுவது சங்கடமாக இருந்தது. அதனால் கணக்குப் போடக் கொடுத்த வெள்ளைத் தாளின் ஓரத்தில் என் தமிழ்ச் சொற்களைப் பொடியாக எழுதிக்கொண்டேன். அது போதுமாக இருந்தது. முதன்மைத் தேர்விலும் இதே முறைதான். பத்தி நீளமாகவும் கடினமாகவும் இருந்தது, அவ்வளவே. கிளார்க் பணிக்கு நேர்முகத் தேர்வு கிடையாது என்பதால் முதன்மைத் தேர்வு மதிப்பெண்ணே முடிவு செய்துவிடும்.

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே பல சமயம் பத்தியோ வாக்கியமோ இல்லாமல் வெறும் சொல்லைக் கொடுத்து அதே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல் கேட்பார்கள். அப்படிப்பட்ட கேள்விக்கு இந்த முறை உதவாது, பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும். மரபுத்தொடர்களுக்கும் அப்படியே. ஆனால் பட்டியலையும், சொல் ஒரு பக்கம் பொருள் ஒரு பக்கம் என்று நான் எழுதி வைப்பதில்லை. அந்தச் சொல் வந்த முழு வாக்கியத்தை எழுதி, சொல் இருந்த இடத்தைக் காலியாக விட்டு, சொல்லைப் பக்கத்தின் பின்புறம் எழுதுவேன். தங்கச்சி இப்போது அந்த நோட்டில்தான் படிக்கிறாள். அவளுடைய வாக்கியங்களையும் அதிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.