ஈரக்காற்றும் தனிப்படலமும்: ஆய்வகக் குறிப்புகள்

நவம்பர் 4, ராயபுரம்

வேலை இதுதான்: தண்ணீரில் கரையும் அலுமினேட் அடுக்கின்மேல் பிஸ்மத் டைட்டனேட் படலத்தை வளர்த்து, அடுக்கைக் கரைத்துப் படலத்தைத் தனியே பிரிப்பது. கரைந்துபோகும் அடுக்குக்கான டார்கெட் (லேசர் பட்டுப் பெயர்ந்து படலமாகப் படியும் வில்லை) பொடி எடை போட்டாயிற்று. சுட்டபின் 10 கிராம் கிடைக்க: ஸ்ட்ரான்சியம் கார்பனேட் 8.08, கால்சியம் கார்பனேட் 2.74, அலுமினா 2.79 கிராம். கால்சியம் சேர்க்காத ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டும் தண்ணீரில் கரையும்தான். ஆனால் அதன் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அணுக்கட்டு) பக்க நீளத்தில் கால் பங்கு 3.96 ஆங்ஸ்ட்ராம், மேலே வளர்க்கப்போகும் பிஸ்மத் டைட்டனேட்டுக்கோ சுமார் 3.84. இழுபட்டு வளர்ந்த படலம் விடுபட்டதும் சுருங்கி, விரிசல் விடும். மூன்றில் ஒரு ஸ்ட்ரான்சியத்துக்குக் கால்சியம் போட்டால் 3.91க்கு இறங்கும். இழுவிசை முழுக்கப் போகாது, ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறையும்.

நவம்பர் 9

அடைமழை. டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத சேமிப்புப் பாத்திரம்) சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிட்டது, அடுப்பில் காய வைக்க வேண்டும். வெளியே விட்ட டார்கெட்டின் முகத்தில் மாவு மாதிரி வெள்ளை பூத்துவிடும். காய்ந்த எமரித் தாளால் தேய்க்கலாம், ஐசோபுரோப்பனாலால் துடைக்கலாம். தண்ணீர் கூடவே கூடாது. கடற்கரையோரம் இந்த வேலை செய்பவர்களுக்குப் பாதிப் பொழுது காற்றோடுதான் போகும்.

நவம்பர் 11

248 நானோமீட்டர் லேசர். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் சப்ஸ்ட்ரேட்டில் (படலம் வளரும் அடித்தட்டு) முதலில் அலுமினேட் 15 நானோமீட்டர், உடனே ஈரம் புகாமலிருக்க ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மூடி 2 நானோமீட்டர், அதன்மேல் பிஸ்மத் டைட்டனேட் 40 நானோமீட்டர். நடுவில் சேம்பரைத் திறக்கக் கூடாது. சூட்டில் பிஸ்மத் ஆவியாகிப் போவதால் அந்த டார்கெட்டில் 10 சதவீதம் கூடுதல்.

நவம்பர் 13

மேலே பி.எம்.எம்.ஏ. (படலத்தைத் தாங்கும் பிளாஸ்டிக்) பூசி, நாலு ஓரத்தையும் பிளேடால் சுரண்ட வேண்டும். படிவு பக்கவாட்டிலும் வழிந்து அலுமினேட்டை அடைத்துக்கொள்வதால், இதைத் தவிர்த்தால் எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் தண்ணீர் உள்ளே நுழையாது. மெட்ரோ வாட்டர் வேண்டாம், உப்புக் கறை தங்கும். அயனி நீக்கிய நீர்தான். அவசரப்பட்டு ட்வீசரால் தள்ளினால் கிழியும். தானாக விடுபட்டு மிதந்ததும் சிலிக்கான் துண்டைச் சாய்வாக அடியில் கொடுத்து ஏந்தி, சாய்த்தே வடியவிட்டு, பிறகு 80 டிகிரியில் காயவைப்பது. தட்டையாக வைத்தால் நடுவில் நீர் சிக்கி, சூட்டில் கொப்புளம் கிளம்பும். பி.எம்.எம்.ஏ. போக அசிட்டோன்.

நவம்பர் 16

எக்ஸ்-ரே: 16.2, 21.7 டிகிரிகளில் படலத்தின் முகடுகள். படலம் பிரிந்துவிட்டதால் சப்ஸ்ட்ரேட்டின் 46.5 காணோம், 22.8ம் காணோம். முன்பு 21.7ஐ ஒட்டி நின்று தொல்லை கொடுத்தது அதுதான்.

பீசோ விசை நுண்ணோக்கியில் (மின்னழுத்தம் கொடுத்துப் பரப்பின் அசைவை நுண்முனையால் அளக்கும் கருவி) செங்குத்துச் சமிக்ஞை மங்கலாக வந்தால் படலம் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட வேண்டாம். பிஸ்மத் டைட்டனேட்டின் முனைவாக்கம் (உள்ளே மின்னூட்டங்கள் ஒரு திசைக்கு விலகி நிற்பது) பெரும்பாலும் படலத்தின் தளத்திலேயே கிடக்கிறது: சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 மைக்ரோகூலும். செங்குத்தாக 4 அளவே. பக்கவாட்டுச் சமிக்ஞையைப் பார்க்க வேண்டும். அதுவும் கேன்டிலீவருக்கு (நுண்முனையைத் தாங்கும் கோல்) குறுக்கான அசைவை மட்டுமே காட்டும் என்பதால், துண்டை 90 டிகிரி திருப்பி மறுபடி ஒரு ஸ்கேன்.